மேஜையில் கிடந்த கடிதம்



இந்த வாரச் சிந்தனையை எழுதுமுன் நம் சபையின் சகோதரி ஒருவரிடம் அனுமதி கேட்டேன். "என் பெயரைப் போடாமல் எழுதுங்கள் ஐயா. யாருக்காவது பிரயோஜனப்பட்டால் சந்தோஷம்" என்றார். ஆகவே பெயரைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. சபை மூப்பர்களிடம் அதை அறிக்கையிட்டிருக்கிறேன்; உங்கள் அனைவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், நானும் என் மனைவியும் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம். அப்போது நம் சபை பதினொரு குடும்பங்கள் கொண்ட சிறு கூட்டம். போதகருக்கு வீடு பார்த்துத்தர அவர்களுக்கு இன்னும் வசதி இல்லை. அந்தச் சகோதரியும் அவருடைய கணவரும் எங்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு அது. படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் இரண்டு வயதுக் குழந்தையோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்தச் சகோதரர் தம்முடைய எழுதும் மேஜையைக் காலிசெய்து என் வேதாகமத்துக்கும் குறிப்பேடுகளுக்கும் இடம் கொடுத்தார். ஏழு வாரங்கள் அவர்களுடைய அறையில் தூங்கி, அவர்களுடைய மேஜையில் பிரசங்கம் ஆயத்தம் செய்தேன்.

2014-ஆம் ஆண்டு அந்தச் சகோதரர் மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குடும்பத்துக்குக் கிரீன் கார்டு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. மகனுக்கு ஆறு வயது. அடக்க ஆராதனையில் நாம் எல்லாரும் கூடினோம், அழுதோம், காணிக்கை சேர்த்துக் கொடுத்தோம். சில மாதங்கள் கடந்தன. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரி என் மனைவியிடம், "வீட்டைக் காலி பண்ணிவிட்டேன் அம்மா. ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம்" என்று, ஏதோ கடைக்குப் போய்வந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் அளவே தெரியும் ஜன்னல். சமையலுக்கு மேல்வீட்டாரின் அடுப்பைக் காலை ஏழு மணிக்குமுன் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வாசலுக்குத் தனிச் சாவி இல்லை. மேல்வீட்டார் உறங்கிவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். அங்கே முழங்கால்படியிட்டு ஜெபித்தோம். ஊக்கமாகவே ஜெபித்தோம். ஜெபித்து எழுந்து, குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, காரில் ஏறி, தனிச் சாவியுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஊர் வீட்டுவசதி ஆணையத்தைப் பற்றி முதலில் சொன்னது நானல்ல. அந்தச் சகோதரி வேலை செய்த மளிகைக் கடையில் உடன் வேலைசெய்த ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய் சொன்னார். அவர் சொல்லித்தான் நானும் இதைக் குறித்துக் கற்றுக்கொண்டேன். நம்மில் பலருக்கும் இது தெரியாது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1937-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் எழுந்தவை உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்கள். இன்று நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை உண்டு. சில நகரத்துக்கு உரியவை, சில மாவட்டத்துக்கு உரியவை. நம் மாநில அரசும் தன் துறை ஒன்றின் வழியாக இதே உதவியை வழங்குகிறது. அந்தப் பழைய சட்டத்தின் எட்டாம் பிரிவு 1974-ஆம் ஆண்டு திருத்தி எழுதப்பட்டது. அதனால்தான் மக்கள் இந்த வாடகை உதவியைச் 'செக்ஷன் 8' என்று அழைக்கிறார்கள். தகுதி பெற்ற குடும்பத்துக்கு ஆணையம் ஒரு வவுச்சரைத் தருகிறது. அதைக்கொண்டு அவர்களே வெளியில் வாடகை வீடு தேடிக்கொள்ளலாம். வாடகையில் தங்கள் வருமானத்தின் ஏறக்குறைய 30 சதவிகிதத்தை அவர்கள் கொடுக்கிறார்கள். மீதியை, அந்தப் பகுதிக்கென்று குறித்த வரம்புக்குள், ஆணையம் வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. பணம் மத்திய அரசுடையது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் தகுதியுள்ள எல்லாருக்கும் இது கிடைப்பதில்லை. தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கே மத்திய அரசின் வாடகை உதவி எட்டுகிறது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஒதுக்கப்பட்ட பணம் தீர்ந்தால் வரிசை நின்றுவிடும். ஆகவே ஆணையங்கள் காத்திருப்போர் பட்டியலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில நாட்கள் மட்டும் திறக்கின்றன. அந்த நாட்களில் விண்ணப்பித்தவர்களிலிருந்தும் பல இடங்களில் குலுக்கல் முறையிலேயே பெயர்கள் எடுக்கப்படுகின்றன. குலுக்கலில் பெயர் விழுந்தால் கிடைப்பது வீடல்ல. வரிசையில் ஓர் இடம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பட்டியல் திறந்தது. அந்தச் சகோதரி விண்ணப்பித்தார். தபால் முகவரி என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தயங்கினார். பேஸ்மென்ட்டின் சொந்தக்காரர்கள் தங்கள் முகவரிக்கு அரசாங்கக் கடிதம் வருவதை விரும்பவில்லை. அங்கே எத்தனை காலம் இருக்க முடியும் என்பதும் தெரியாது. அப்போது நான் சொன்னேன்: "சபையின் முகவரியைக் கொடுங்கள். நீங்கள் எங்கே மாறினாலும் அது மாறாது." நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குலுக்கலில் அவருடைய பெயர் எடுக்கப்பட்டது. நாங்கள் ஸ்தோத்திரம் செலுத்தினோம். அதன்பின் காத்திருந்தோம். அந்த ஆண்டுகளில் அவர் மூன்று பேஸ்மென்ட்டுகள் மாறினார்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆணையங்கள் அவ்வப்போது ஒரு கடிதம் அனுப்பும். இன்னும் உங்களுக்கு உதவி தேவையா, முகவரி சரிதானா, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு, குறித்த நாளுக்குள் பதில் அனுப்பச் சொல்லும். பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடும். பழைய பெயர்களால் பட்டியல் அடைந்துகிடக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நியாயமான விதிதான்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தக் கடிதம் வந்தது. நம் சபை வாடகைக்கு இருந்த ஆலயத்தின் அலுவலக அறையில், என் மேஜையின்மேல் அதை யாரோ வைத்திருக்கிறார்கள். அது கேரல் பவனிக் காலம். அந்த மாதம் இருபத்தாறு வீடுகளுக்குக் கேரல் போனோம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடைகள், விருந்துக்கு ஏற்பாடு, ஆண்டிறுதி ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகள். வந்த தபால்கள்மேல் பாட்டுப் புத்தகங்களை வைத்தேன். பாட்டுப் புத்தகங்கள்மேல் வாக்குத்தத்த அட்டைகளை வைத்தேன். ஜனவரி இரண்டாம் வாரம் மேஜையை ஒழுங்கு செய்தபோது அந்த உறை கையில் அகப்பட்டது. மேலே அந்தச் சகோதரியின் பெயர். கீழே நம் சபையின் முகவரி. பதில் அனுப்ப வேண்டிய நாள் கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

சத்திரத்தில் இடமில்லாமற்போன ஒரு குடும்பத்தைக் குறித்துப் பாடிக்கொண்டு வீடுவீடாகப் போன அதே நாட்களில், ஒரு தாயும் பிள்ளையும் நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த இடம் என் மேஜையின்மேல் பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கைநழுவிப்போயிற்று.

உடனே ஆணையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி மரியாதையாகவே பேசினார். பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்றார். தவறு அந்தச் சகோதரியுடையதல்ல, என்னுடையது என்று விளக்கி எழுதினேன். நீக்கியது நீக்கியதுதான், பட்டியல் மறுபடியும் திறக்கும்போது புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. உடல் ஊனத்தினால் பதில் தர இயலாமற்போனவர்களை மீண்டும் வரிசையில் சேர்த்துக்கொள்ள விதி உண்டு. போதகரின் மறதிக்கு விதி இல்லை.

அன்று மாலை அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். கடிதத்தைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு முறை அதை வாசித்தார். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை ஐயா, கிறிஸ்துமஸ் நேரம். உங்களுக்கும் எவ்வளவு வேலை" என்றார். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பத்து வயது மகன் அம்மாவின் கையிலிருந்த காகிதத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நமக்கு வீடு வராதாம்மா?" என்று கேட்டான்.

அந்த ஞாயிறு, கர்த்தருக்குக் காத்திருத்தல் என்ற தலைப்பில் பிரசங்கிக்க ஆயத்தம் செய்திருந்தேன். குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பிரசங்கிக்க நா எழவில்லை. மூப்பர் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, உடல்நலமில்லை என்று சொன்னேன். அதுவும் முழு உண்மையல்ல.

பிரியமானவர்களே, அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது எலிசா தீர்க்கதரிசிக்கு இடம் கொடுத்த சூனேம் ஊர்ப் பெண்ணின் வரலாறு. அதன் முதற்பகுதி நமக்கு மனப்பாடம். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 4-ஆம் அதிகாரத்தில், அவளும் அவள் கணவனும் மெத்தைமேல் ஒரு சிறு அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்து, வழிப்போக்கனான ஊழியக்காரனுக்குக் கொடுத்தார்கள். இதை விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டாக நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதே பெண் 8-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வருவதை அதிகம் பிரசங்கித்ததில்லை. பஞ்சத்தின் நிமித்தம் ஏழு ஆண்டுகள் பெலிஸ்தர் தேசத்தில் தங்கித் திரும்பி வந்தபோது, அவளுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை. தீர்க்கதரிசிக்கு அறை கொடுத்தவள், தன் வீட்டுக்காக ராஜாவிடம் முறையிட்டு நிற்கிறாள்.

அங்கே இரண்டு காரியங்களைக் கவனித்தேன். அவள் உள்ளே வரும் அந்த நேரத்தில், எலிசாவின் வேலைக்காரனாயிருந்த கேயாசி ராஜாவிடம் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவரின் முன்பாக அவளை அறிந்த ஒருவன் இருந்தான். அவளைக் குறித்து வாய் திறந்தான். இரண்டாவது, ராஜா அவளை வாழ்த்தி வெறுமையாய் அனுப்பிவிடவில்லை. ஓர் அதிகாரியை நியமித்து, அவளுடையதையெல்லாம் திரும்பக் கிடைக்கச் செய்யும்படி கட்டளையிடுகிறான். அந்த அதிகாரியின் பெயர்கூட எழுதப்படவில்லை. அவர் ஊருக்குப் போயிருப்பார், எல்லையைப் பார்த்திருப்பார், வயலின் விளைச்சலைக் கணக்கிட்டிருப்பார், குடியேறியிருந்தவர்களோடு பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். தேவன் அந்தப் பெண்ணுக்குச் செய்த நன்மை ஓர் அலுவலரின் கைவழியாக அவளிடம் போய்ச் சேர்ந்தது.

என் ஊழியத்தில் எலிசாவைப்போல் இருக்க ஆசைப்பட்டேன். அந்தச் சகோதரிக்குத் தேவைப்பட்டதோ கேயாசியும், பெயரில்லாத அந்த அதிகாரியும். தபாலைப் பிரித்துப் பார்க்கும் ஒரு மனிதன் அவருக்குத் தேவையாயிருந்தான்.

அந்த ஆண்டு, நம் சபைக் குடும்பம் ஒன்றின் தகப்பனார் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நடந்ததை மூப்பர்களிடம் நான் சொன்னது அவர் காதுக்கும் எட்டியது. ஒரு நாள் மாலை ஒரு நீலக் கோப்போடு வந்தார். "ஐயா, முப்பத்தைந்து வருஷம் ஜனங்களுடைய மனுக்களைப் பார்த்தவன் நான். மனுவை எழுதுவது சுலபம். அதன் பின்னாலேயே போகிறதுதான் வேலை" என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். விண்ணப்பத்தின் நகல், உறுதிச்சீட்டின் எண், பேசிய நாள், பேசியவரின் பெயர் என்று எல்லாம் ஒரு குறிப்பேட்டில் ஏறின. ஒரே ஆணையத்தை நம்பியிருக்கத் தேவையில்லை, வேறு நகரங்களின் ஆணையங்களிலும் விண்ணப்பிக்கத் தடையில்லை என்று அப்போதுதான் அறிந்துகொண்டோம். எந்தப் பட்டியல் எப்போது திறக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று இடங்களில் விண்ணப்பித்தோம். ஒன்றில் பெயர் எடுக்கப்பட்டது. இம்முறை தபால் முகவரியாகச் சகோதரி தம் பெயரில் ஒரு தபால் பெட்டியை வாடகைக்கு எடுத்தார். சாவி அவர் கையில் இருந்தது. அதுவே சரி.

2022-ஆம் ஆண்டு கோடையில் அழைப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், சமூகப் பாதுகாப்பு அட்டைகள், கிரீன் கார்டு, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் நீலக் கோப்பில் வரிசையாக இருந்தன. அதிகாரி அதைப் பார்த்து, இப்படி ஆயத்தமாக யாரும் வந்ததில்லை என்றாராம். கோப்பை உண்டாக்கியவர் அப்போது ஊருக்குத் திரும்பியிருந்தார். தொலைபேசியில் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

வவுச்சர் கையில் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்தேன். வீடு தேட முதலில் 60 நாட்கள் தருகிறார்கள். அதற்குள் வவுச்சரை ஏற்கும் உரிமையாளரைக் கண்டடைய வேண்டும். வவுச்சரைக் காரணம் காட்டி வீடு மறுப்பது நம் மாநிலத்தில் சட்டவிரோதம். ஆனால் அதைச் சொன்ன மாத்திரத்தில் பல வீடுகள் "ஏற்கெனவே போய்விட்டது" என்று ஆயின. வாடகைக்கு வீடுகள் வைத்திருக்கும், நம் சபையைச் சேராத தமிழ் நண்பர் ஒருவரிடம் நானே பேசினேன். யாருக்காக என்று சொல்லவில்லை. "அந்தத் திட்டத்து ஆட்கள் வேண்டாம் ஐயா, வீட்டைப் பாழாக்கிவிடுவார்கள்" என்றார். 'அந்தத் திட்டத்து ஆட்கள்' என்று அவர் சொன்ன பெண்மணியின் கையால் அவர் எத்தனையோ முறை விருந்து சாப்பிட்டிருக்கிறார். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கடிதத்தைத் தொலைத்தவன் பேச என்ன இருக்கிறது? ஆனால் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதில் நம் எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. அரசு உதவி பெறுவதை நாம் இழிவாக எண்ணுகிறோம். அந்தச் சகோதரி எட்டு ஆண்டுகள் இதை ஒருவருக்கும் தெரியாமல் மறைத்தது, நம் சபையில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தினால்தான். நம்மில் சொந்த வீடு வாங்கியவர்களில் பலர், கடன் வட்டியை வருமான வரியில் கழித்துக்கொள்கிறோம். அதுவும் வீட்டுக்காக அரசு தருகிற சலுகையே. அதற்காக நாம் வெட்கப்படுவதில்லை. அதை யாரிடமும் மறைப்பதும் இல்லை.

எழுதிக் கேட்டதன்பேரில் ஆணையம் கூடுதல் நாட்கள் கொடுத்தது. அந்த நாட்களில், மூன்று குடும்பங்கள் வாழும் ஒரு பழைய வீட்டின் சொந்தக்காரியான முதிய போர்த்துக்கீசியப் பெண்மணி வீடு தரச் சம்மதித்தார். அவரும் ஒரு விதவை, கீழ்த்தளத்தில் வசிக்கிறார். ஆணையத்தின் ஆய்வாளர் வந்து பார்த்தபோது, சமையலறை ஜன்னல் சரியாக மூடவில்லை, புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று வேலை செய்யவில்லை என்று குறித்தார். அவை சரிசெய்யப்பட்டபின் இரண்டாம் முறை வந்து ஒப்புதல் கொடுத்தார். மின்சாரம், வெப்பம் எல்லாம் அடங்கிய வாடகை மாதம் 1,650 டாலர். சகோதரியின் மாத வருமானம் 1,740. பிள்ளைக்கான கழிவு போக 1,700. அதில் 30 சதவிகிதமாகிய 510 டாலர் அவருடைய பங்கு. மீதி 1,140 டாலரை ஆணையம் உரிமையாளருக்குச் செலுத்துகிறது. முன்பணத்தை வவுச்சர் ஏற்பதில்லை. நம் மாநிலச் சட்டப்படி அது ஒன்றரை மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. அந்த 2,475 டாலரை நம் சபையின் உதவி நிதியிலிருந்து கொடுத்தோம். அந்த ஆண்டுக் கணக்கில் 'குடும்ப உதவி' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

குடியேறிய நாளில் நம் வாலிபர்கள் சிலர் சாமான்களைத் தூக்க வந்தார்கள். மகனுக்கென்று ஓர் அறை இருந்தது. பதினான்கு வயதில் அவனுக்குக் கிடைத்த முதல் அறை. அவனுடைய தகப்பனாரின் பழைய மேஜை, பேஸ்மென்ட் பேஸ்மென்ட்டாக அவர்களோடு சுற்றியலைந்த அதே மேஜை, ஜன்னலோரம் வைக்கப்பட்டது. அதன்மேல்தான் ஒருகாலத்தில் என் வேதாகமம் இருந்தது. என் மனைவி ஒரு மேஜை விளக்கை வாங்கிவந்து அதன்மேல் வைத்தாள். சகோதரி வாசற்சாவியை இரண்டாகச் செய்து, ஒன்றை மகன் கையில் கொடுத்தார். அவன் வெளியே போய்க் கதவைப் பூட்டினான், திறந்தான், மறுபடியும் பூட்டினான். நாங்கள் உள்ளே நின்று காத்திருந்தோம்.

பிரியமானவர்களே, நான் தொலைத்த அந்த நான்கு ஆண்டுகளைத் தேவன் நன்மைக்கு என்று செய்தார் என்று எழுதி இதை முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு பிள்ளையின் பத்து வயதுமுதல் பதினான்கு வயதுவரையான காலம் திரும்ப வராது. அந்தச் சகோதரி என்னை மன்னித்தார். கர்த்தரும் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். மன்னிப்பு பெற்றவன் செய்யத்தக்கது ஒன்று உண்டென்றால், இனி வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதே.

ஆகவே இந்தத் தேவையில் இருப்பவர்களுக்குச் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். விண்ணப்பிக்க எந்த ஆணையமும் பணம் கேட்பதில்லை. பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். 211 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்கள் பகுதியின் உதவிகளைச் சொல்வார்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் அகதிகளாக ஏற்கப்பட்டவர்களும் இந்த உதவிக்குத் தகுதி பெறலாம். வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை. குடும்பத்தில் சிலருக்குத் தகுதியும் சிலருக்கு இல்லாமலும் இருந்தால், தகுதியுள்ளவர்களின் அளவுக்கு ஏற்ப உதவி குறைத்து வழங்கப்படும். 62 வயது கடந்த முதியோருக்கென்று 1959-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் தனிக் குடியிருப்புகள் உண்டு. அவற்றுக்கு அந்தந்தக் கட்டடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முகவரி மாறினால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வருமானம் மாறினாலும் மறைக்காமல் தெரிவியுங்கள். ஆண்டுதோறும் கணக்குப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள்.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வவுச்சரோடு ஒருவர் உங்களிடம் வந்தால், அவர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்து அதைப் பெற்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் மீதியிருக்கும் நாட்களையும் நினைத்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிமுதல் ஒன்பது மணிவரை ஆலயத்தின் சிறிய அறை திறந்திருக்கும். இதை நடத்துகிறவர் அந்தச் சகோதரியே. நீலக் கோப்பு அவரிடம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களின் பெயர் வெளியே போகாது. ஜெபம் உண்டு, தேநீரும் உண்டு. படிவங்களை நிரப்ப நல்ல பேனாக்களும் உண்டு. திங்கட்கிழமைதோறும் சபைக்கு வரும் தபால்களை இரண்டு மூப்பர்கள் பிரித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். என் மேஜைக்கு இப்போது தபால் வருவதில்லை.

ஜெபிப்போம்: எங்கள் பிதாவே, வீடில்லாதவர்களின் காத்திருப்பை நாங்கள் இலேசாக எண்ணியதை மன்னியும். எங்கள் கைகளில் ஒப்படைக்கப்பட்ட சிறு காகிதத்திலும் எங்களை உண்மையுள்ளவர்களாக்கும். இன்று இரவு சாவி இல்லாமல் வாசலில் நிற்கும் ஒவ்வொருவரையும் நினைத்தருளும். அவர்களுக்காக வாய் திறக்க எங்களைப் பழக்குவியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்